செக்கப்புக்குக் கூடப் போகிறேன், வெளியே நிற்கச் சொல்கிறார்கள்

கேள்வி: நான் சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 28. மனைவிக்கு இது ஐந்தாவது மாதம், முதல் குழந்தை. ஒவ்வொரு செக்கப்புக்கும் அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் கூடப் போகிறேன். "ஆம்பளைங்க எல்லாம் வெளியே நில்லுங்க" என்கிறார்கள். வீட்டில் அம்மாவும் "உனக்கு அங்க என்னடா வேலை" என்கிறார். வளைகாப்பு முடிந்ததும் மனைவி ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள், குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் திரும்புவாள். அப்பா ஆகப்போகிறவனுக்கு இதில் ஒரு வேலையும் இல்லையா? எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்கத்தில் லீவோ திட்டமோ உண்டா? பிரசவத்தின்போது நான் உள்ளே போகலாமா?

— சேலம் வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பிக்கு,

நடுவில் நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் கூலிக்கு வேலை செய்யும் அப்பாவுக்கு, குழந்தை பிறந்ததற்காக ஒரு நாள் விடுப்புகூட இன்றைய சட்டத்தில் இல்லை. சேலம் ஜங்ஷனில் வேலை பார்க்கும் ரயில்வே ஊழியருக்கு 15 நாள் சம்பளத்தோடு கிடைக்கும். மத்திய அரசு ஊழியர்களுக்கும் அதே 15 நாள்தான். பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் வேலை, கூலி வேலை, சொந்தத் தறி, சொந்தப் பட்டறை என்று இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் நீங்கள் பதிவு செய்திருந்தாலும் அங்கேயும் மகப்பேறு உதவி பெண் உறுப்பினருக்குத்தான்.

இதை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. 2017-ல் தந்தையர் விடுப்புக்கென ஒரு தனிநபர் மசோதா மக்களவைக்கு வந்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களையும் சேர்த்து எல்லா அப்பாக்களுக்கும் 15 நாள், தேவைப்பட்டால் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம் என்றது அது. நிறைவேறவில்லை. மனைவியின் பிரசவத்துக்கு விடுப்பு கேட்ட காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில், இந்த விடுப்புக்குச் சட்டம் தேவை என்று 2023-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எடுத்துச் சொன்னது. அதன் பிறகும் உங்கள் பட்டறைவரை எதுவும் வந்து சேரவில்லை. ஆகவே "வேலை இல்லையா" என்று நீங்கள் கேட்பது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. தாய் சேய் நலத்துக்காக நாம் போட்ட திட்டங்கள் எல்லாம் அப்பாவை வாசலோடு நிறுத்தியே போடப்பட்டவை.

அந்தத் திட்டங்களை நான் குறைத்துப் பேசவில்லை. சமூக மருத்துவத்தில் இருப்பவள் என்பதால் அவற்றின் பலனைக் கண்ணால் பார்க்கிறேன். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இது பெரிய சாதனை. ஆனால் அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை 55.1 சதவீதம்தான். இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே நடப்பதை நாம் ஓரளவு சரிசெய்துவிட்டோம். மிச்சம் இருப்பது வீட்டில்: சாப்பாடு, மாத்திரை, ஓய்வு, தூக்கம், யார் பேச்சு எடுபடுகிறது என்பது. அந்த வீட்டில் இருக்கும் ஆணிடம் அரசாங்கம் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸம்மா வீட்டுக்கு வரும்போது அவன் வேலைக்குப் போயிருப்பான். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தால் வெளியே நிற்கச் சொல்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சேலத்துக்காரர் என்பதால் சொல்கிறேன். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கியது நம் சேலத்தில்தான். பெண் குழந்தையை வேண்டாம் என்று சொன்ன வீடுகளுக்காக வந்த திட்டம் அது. கைவிடப்பட்ட குழந்தைக்குத் தொட்டில் வைத்தோம். வேண்டாம் என்ற அப்பாவை உட்கார வைத்துப் பேச ஓர் இடம் வைத்தோமா? வைக்கவில்லை. பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம் அப்பாவிடமிருந்து வருகிறது என்பதைக்கூட, பழி சுமக்கும் மருமகளிடம்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்பாவை உள்ளே கொண்டுவருவது என்றால் கவனமாகக் கொண்டுவர வேண்டும். 2015-ல் உலக சுகாதார நிறுவனம், கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் அதன் பிறகும் ஆண்களை ஈடுபடுத்தும் முயற்சிகளைப் பரிந்துரைத்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தது: பெண்ணின் விருப்பத்தையும் சொந்த முடிவையும் அது மதிக்க வேண்டும். தான்சானியாவில் கணவரோடு வரும் கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை என்று வைத்தபோது, தனியாக வந்த பெண்கள் காக்க வைக்கப்பட்டார்கள், சில இடங்களில் திருப்பியும் அனுப்பப்பட்டார்கள். நம் ஊரில் புருஷன் விட்டுப்போனவர்கள், திருப்பூரிலும் பெங்களூரிலும் புருஷன் வேலை செய்கிறவர்கள், அடி வாங்குகிறவர்கள் எல்லோரும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். "கணவரைக் கூட்டிட்டு வந்தாத்தான் டோக்கன்" என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாக நான் எதிர்ப்பேன். உங்களைப் போல் வர விரும்புகிறவனுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

அடுத்த செக்கப்புக்கு முன்னால் மனைவியிடம் கேளுங்கள்: "நான் உள்ளே வரட்டுமா?" அவர் சரி என்றால், அவரையே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பிணி தன் வாயால் "இவர் கூட இருக்கட்டும், மாத்திரை விவரத்தை அவர்கிட்டயும் சொல்லுங்க" என்று கேட்டால் பல இடங்களில் விடுவார்கள். வயிற்றைப் பரிசோதிக்கும் அறைக்குள் மற்றப் பெண்களும் இருப்பார்கள், அங்கே நீங்கள் போகக் கூடாது. நர்ஸம்மாக்கள் வெளியே நிற்கச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒரே அறை, ஒரே திரை, நாற்பது பேர் கூட்டம். அவர்கள் மேல் கோபம் வேண்டாம். மருந்தும் ஆலோசனையும் கொடுக்கும் இடத்தில் கூட இருந்தால் போதும்.

உங்கள் ரத்த வகை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். மனைவிக்கு நெகட்டிவ் வகை என்றால் உங்களுடையதும் கட்டாயம் தெரிய வேண்டும். உங்களுக்கு பாசிட்டிவ் என்றால் 28-வது வாரத்திலும், குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் அவருக்கு ஓர் ஊசி தேவைப்படும். எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனையை அவருக்குச் செய்திருப்பார்கள், நீங்களும் செய்துகொள்ளுங்கள். அப்புறம், மனைவி மலைக்கிராமத்தைச் சேர்ந்தவர் என்பதால் கேட்கிறேன்: அவருக்கு சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் ஒரு ரத்த நோய்) சோதனை செய்திருக்கிறார்களா? 2023 ஜூலையில் தேசிய அளவில் இதற்கென ஓர் இயக்கம் தொடங்கி, பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். அவருக்கு அந்தக் கூறு இருந்தால் உங்களுக்கும் பார்க்க வேண்டும். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. அப்பாவின் ரத்தத்தைப் பார்க்காமல் சொல்லவே முடியாத விஷயங்கள் இவை. ஆனால் கணவரும் சோதனைக்கு வர வேண்டும் என்பதை அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரை. கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள் தினமும் சாப்பிட வேண்டியது. மலைமேல் வீடு என்றால் காபி இல்லாத பொழுது இருக்காது. மாத்திரையோடு காபியோ டீயோ குடித்தால் சத்து உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது, ஒன்று மதியம், ஒன்று இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போவது சாதாரணம்தான், அதைப் பார்த்து பயந்து நிறுத்திவிடுகிறார்கள். தினமும் இரவு போனில் "மாத்திரை போட்டாச்சா" என்று கேட்டு மிரட்டுவது அக்கறை ஆகாது. அது அவருக்கு ஒத்துக்கொள்கிறதா, குமட்டுகிறதா என்று கேளுங்கள். குமட்டினால் வேளையை மாற்றலாம், நர்ஸிடம் சொல்லலாம்.

உங்கள் பட்டறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வீட்டோடு சேர்ந்த பட்டறை என்றால், பற்றவைக்கும் புகையும் ஆசிட் வாடையும் இருக்கும் இடத்தில் மனைவி உட்காரவே கூடாது. கை வேலைக்கு ஆள் இல்லை என்று கர்ப்பிணியைக் கொலுசு கோக்க உட்கார வைக்கும் வீடுகள் உண்டு. வேலை முடிந்து வந்தால் சட்டையை மாற்றி, கை கால் கழுவிவிட்டுத்தான் அவர் பக்கத்தில் போக வேண்டும். குழந்தை வந்த பிறகும் இதே கதைதான். சிகரெட், பீடி இருந்தால் இன்றோடு விடுங்கள். விட முடியவில்லை என்றால் 104-க்கு அழைத்து உதவி கேளுங்கள்.

இனி அந்தத் தாய்வீட்டு மாதங்கள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். பெண்ணுக்கு அங்கே கிடைக்கும் தூக்கமும் உரிமையும் மாமியார் வீட்டில் பல நேரம் கிடைக்காது. ஆனால் அந்த மாதங்களில் அப்பா விருந்தாளி ஆகிவிடுகிறான், ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வந்து போகிறவன். நமது பதிவேடுகளும் இதற்கு ஏற்றாற்போல்தான் இருக்கின்றன. உங்கள் மனைவி சேலத்தில் பதிவாகியிருப்பார், பிரசவம் மலையில் நடக்கும், நடுவில் ஒரு மாதம் எந்த நர்ஸின் கணக்கிலும் இல்லாமல் போய்விடுவார். இதை நீங்கள் தடுக்கலாம். அவருடைய பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்ணை, உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் இங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் போகிறார் என்று சொல்லுங்கள். அங்கே போன வாரமே அந்தப் பகுதிச் செவிலியரையும் ஆஷா பணியாளரையும் நேரில் பார்த்துப் பேசி, அவர்கள் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் அந்த பிக்மி எண்ணைத்தான் கேட்பார்கள்.

தாய்மார் இறப்பைப் பற்றி 1994-ல் தடீயஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியதை இன்றும் எங்கள் துறையில் முதல் பாடமாகச் சொல்லித்தருகிறோம். உயிர் போவதற்கு மூன்று தாமதங்கள் காரணம்: கிளம்பலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றாவது எங்கள் பொறுப்பு. முதல் இரண்டும் உங்கள் வீட்டின் பொறுப்பு. அதிலும் ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. பிரசவத்துக்குப் பிறகு கட்டுக்கடங்காமல் ரத்தம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போகலாம். அந்த இரவில் "மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கேட்போம்" என்று மாமனார் காத்திருக்கக் கூடாது. இதை இப்போதே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ரத்தம் போனால், பனிக்குடம் உடைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், வலிப்பு வந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், யாரையும் கேட்காமல் உடனே கிளம்புங்கள் என்று. முடிவு உங்கள் மனைவியுடையதும், பக்கத்தில் இருப்பவர்களுடையதும். அப்பா ஈடுபடுவது என்பதில் தன் அனுமதிக்காக யாரையும் காக்க வைக்காமல் இருப்பதும் உண்டு.

108 வர நேரமானால் எந்த ஜீப், யாருடைய ஆட்டோ என்று இரண்டு எண் வைத்திருங்கள். ரத்தம் கொடுக்க நண்பர்கள் இரண்டு மூன்று பேரைச் சொல்லி வையுங்கள், அதைச் சேலத்தில் இருந்தே நீங்கள் செய்யலாம். மலைப்பகுதிக் கர்ப்பிணிகள் தேதிக்கு முன்பே வந்து தங்குவதற்கு சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறை உண்டு. நாகலூர் பக்கத்தில் எது என்று செவிலியரிடம் கேளுங்கள். மனைவிக்கு ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஏதாவது இருந்தால் மலைமேல் காத்திருக்கவே வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரசவம் என்று முன்பே முடிவு செய்து, கடைசி இரண்டு வாரம் இங்கே வந்துவிடட்டும். இதை அவரோடும் மாமியாரோடும் சேர்ந்து பேசுங்கள். உங்கள் அம்மா மூலமாகச் சொல்லியனுப்ப வேண்டாம்.

பணம்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணையாக மனைவியின் கணக்குக்கு வரும், மிச்சம் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். அந்தப் பணம் அவர் சாப்பாட்டுக்கானது. வளைகாப்புக் கடனுக்கு அதைத் திருப்பிவிடாதீர்கள். பெட்டகத்தில் இருக்கும் பேரீச்சையும் நெய்யும் வீட்டில் எல்லோருக்குமான பலகாரம் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

பிரசவ அறைக்குள் போகலாமா என்று கேட்டீர்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-ல் இருந்து பிரசவத் துணை முறை இருக்கிறது. வலி எடுக்கும் நேரத்தில் கூட ஒருவர் இருக்கலாம், ஆனால் பெண் உறவினராக இருக்க வேண்டும். 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் தந்த வழிகாட்டுதல் ஒரு படி மேலே போய், தனி மறைப்பு வசதி உள்ள பிரசவ அறைகளில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றது. நடைமுறையில், பல கட்டில்கள் வரிசையாக இருக்கும் அறையில் உங்களை விடமாட்டார்கள், விடவும் கூடாது. முன்பே கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், கூட யார் இருக்க வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அம்மாவா, அக்காவா, யாராக இருந்தாலும் சரி. நீங்கள் வெளியில் போனும் ஆதார் நகலும் வைத்துக்கொண்டு, கூப்பிட்ட குரலுக்கு நிற்கும் தூரத்தில் இருங்கள். கணவருக்குத் தனித் தடுப்பு போடும் செலவு ஒன்றும் பெரிய செலவு இல்லை. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு பிரசவ அறையிலும் அதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்தால், கங்காரு முறையில் வெறும் மார்போடு சேர்த்து வைத்திருக்கச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், மிகவும் எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனே இப்படி வைத்திருந்ததால் முதல் 28 நாளில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அறுவை செய்த தாய் ஒருவரால் இவ்வளவு நேரம் முடியாது. அப்பாவின் மார்பும் அதே சூடுதான். "நானும் வைத்துக்கொள்கிறேன்" என்று நீங்களே கேட்க வேண்டும், யாரும் அழைக்கமாட்டார்கள்.

அப்புறம் சேனை. பிறந்த குழந்தைக்குப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது உங்கள் இரு வீட்டிலும் இருக்கலாம். கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். உங்கள் மனைவி இதைச் சொன்னால் "நேத்து வந்தவ நமக்குச் சொல்றா" என்பார்கள். நர்ஸ் சொன்னால் தலையாட்டிவிட்டு அவர் போனதும் வைப்பார்கள். உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து பொறுமையாக, முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். பெரியவர்களின் ஆசைக்கு வேறு வழி காட்டுங்கள்: முதலில் மடியில் வாங்குவது, பெயர் சொல்வது. மருந்துச் சீட்டில் எழுதாத இந்தக் காரியத்துக்காகவே அப்பாக்களுக்குத் தனியாக வகுப்பு எடுக்க வேண்டும் என்று நான் அதிகாரிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிரசவத்துக்குப் பிறகு மனைவி காரணமில்லாமல் அழுதால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், இரண்டு வாரம் தாண்டியும் அது நீடித்தால், "கொழுப்பு" என்று யாராவது சொல்வதை நம்பாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அப்பாக்களிலும் பத்தில் ஒருவருக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருகிறது. உங்களுக்கும் தூக்கம் கெட்டு, எரிச்சல் கூடினால் நீங்களும் பேச வேண்டும்.

அடுத்த குழந்தை எப்போது என்பதை பிரசவ வார்டில் அவசரமாக முடிவு செய்யாதீர்கள். இருவரும் இப்போதே பேசுங்கள். அதே 2019-21 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் கருத்தடை அறுவையை நம்பியிருக்க, ஆண்கள் செய்துகொள்வது 0.3 சதவீதம். ஆணுக்குச் செய்வது எளிய சிகிச்சை, அன்றே வீட்டுக்கு வரலாம். குழந்தைகள் போதும் என்று என்றைக்காவது நினைக்கும்போது இதை ஞாபகம் வையுங்கள்.

இனி, அரசிடம் என்ன கேட்பது? மாதம்தோறும் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் நடக்கிறது. அன்று மாலை ஒரு மணி நேரம், வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில், அப்பாக்களை உட்கார வைத்து மேலே எழுதியதை எல்லாம் சொல்ல ஒரு செவிலியர் போதும். ருவாண்டாவில் அப்பாக்களைக் குழுவாக உட்கார வைத்துப் பேசிய ஒரு திட்டத்தை ஆராய்ந்தபோது, பரிசோதனைக்குக் கணவர் கூட வருவது கூடியது, வீட்டில் அடி உதை குறைந்தது. விடுப்பு என்றால் உங்களுக்கு ஒரேயடியாகப் பதினைந்து நாள் சரிப்படாது, பட்டறையில் ஆள் மாற்றிவிடுவார்கள். நல வாரியம் வழியாக, கூலியை ஈடுகட்டி, தேவைப்படும் நாளில் ஒவ்வொன்றாக எடுக்கும்படி பத்து நாள் கொடுத்தால் பலன் உண்டு. ஸ்வீடனில் 2012-ல் இப்படித்தான் செய்தார்கள்: அம்மா விடுப்பில் இருக்கும்போதே அப்பாவும் 30 நாள் வரை வேண்டியபோது எடுக்கலாம் என்றார்கள். முதல் ஆறு மாதத்தில் தாய்மார்களுக்குப் பதற்றத்துக்கான மருந்து எழுதுவது 26 சதவீதம் குறைந்தது. அம்மாவுக்கு முடியாத அன்று அப்பா வீட்டில் இருந்தார், காரணம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். பட்டறைச் சங்கத்தில் பேசி, மாலை வகுப்பு, கூலியோடு விடுப்பு என்ற இந்த இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதி, அப்பாக்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மாமனாரிடம் சொல்லி நாகலூர் கிராம சபையிலும் மாலை வகுப்பைக் கேட்டுத் தீர்மானம் வைக்கச் சொல்லுங்கள். கொடுத்த மனுவின் நகலை எனக்கும் அனுப்புங்கள், சுகாதாரத் துறையில் யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவர்களிடம் நான் நேரில் கொண்டுபோய்ப் பேசுகிறேன்.